பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

படிக்கும் முன் பேசுவோம்

உங்கள் ஊரில் பழைய வண்டி யார் விற்கிறார்கள்? அதை வாங்கி ஏமாந்தவர் யாரையாவது தெரியுமா? எதனால் ஏமாந்தார்?

1. சேர்த்து வைத்த பணம்

கொல்கத்தா நகரின் தெற்கே லேக் மார்க்கெட் இருக்கிறது. ராஷ்பிகாரி அவென்யூ என்ற பெரிய சாலையில் இருக்கிறது. காளிகாட் மெட்ரோ ரயில் நிலையம் பக்கம்தான். இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடி, அப்பளம் எல்லாம் இங்கே கிடைக்கும்.

இங்கே ஒரு சமையல்காரர் இருக்கிறார். கல்யாண வீடுகளில் சமையல் செய்கிறார். அவரை நாம் அண்ணன் என்று சொல்வோம். அவர் மனைவியை அண்ணி என்று சொல்வோம்.

வேலைக்குப் போகும்போது அண்டா, கரண்டி, இட்லிக் கொப்பரை எல்லாம் கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடிக்கிறார்கள். கிடைக்கும் கூலியில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடுகிறது.

"நமக்கே ஒரு பழைய கார் இருந்தால் நல்லது" என்றார் அண்ணன்.

ஏழு வருடமாகச் சேர்த்த பணம் 1,10,000 ரூபாய் இருந்தது. அது மகளின் படிப்புக்கும் வைத்த பணம். வண்டி நன்றாக ஓடினால் பணம் திரும்பி வரும். வண்டி கெட்டுப் போனால் பணமும் போகும், படிப்பும் போகும்.

"அவசரம் வேண்டாங்க. பார்த்து, படித்து, கேட்டு வாங்குவோம்" என்றாள் அண்ணி.

2. அம்பாசிடர் கார்

அண்ணன் மனதில் இருந்தது அம்பாசிடர் கார். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியை எல்லோருக்கும் தெரியும். அதுதான் அம்பாசிடர்.

இந்தக் கார் கொல்கத்தாவுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. ஹூக்ளி மாவட்டத்தில் உத்தர்பாரா என்ற ஊர் உண்டு. அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே ஹிந்த்மோட்டார் என்று பெயர். இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து இதைச் செய்தார்கள். 1958இல் அம்பாசிடர் வந்தது. 2014 மே மாதம் தொழிற்சாலை நின்றது. 56 ஆண்டுகள் இந்தக் கார் நம் சாலைகளில் புதிதாக இறங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது புதிய அம்பாசிடர் கிடையாது. எல்லாமே பழைய வண்டிதான். அதனால் கவனம் அதிகம் தேவை.

இதில் நல்லது என்ன? உள்ளே இடம் அதிகம். டிக்கி பெரியது. இதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கொல்கத்தாவில் பலர் உண்டு. மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் கிடைக்கும்.

சில இளைஞர்களுக்கு இரண்டு கதவு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வரும். அதற்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஆனால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். இதன் பாகம் எங்கே கிடைக்கும்? இதைப் பழுது பார்க்க யாருக்குத் தெரியும்? பதில் இல்லை என்றால் அந்த வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

3. முதலில் காகிதம்

தரகர் ஒருவர் வந்தார். ஒரு வெள்ளை அம்பாசிடரைக் காட்டினார். வண்டி பளபள என்று இருந்தது.

"நாளைக்கு வேறு ஆள் வருகிறார். இன்றைக்கே முன்பணம் கொடுங்கள்" என்றார்.

"முதலில் ஆர்.சி.யைக் காட்டுங்கள்" என்றாள் அண்ணி.

ஆர்.சி. என்றால் பதிவுச் சான்று. இது வண்டிக்குப் பிறப்புச் சான்று போல. முன்பு புத்தகமாக இருந்தது. பிறகு அட்டையாக வந்தது. அதில் இருப்பதைப் பாருங்கள்:

வண்டி யார் பெயரில் உள்ளது.
எப்போது பதிவு செய்தார்கள்.
பதிவு எந்தத் தேதி வரை செல்லும்.
சொந்த வண்டியா, வாடகை வண்டியா.
சேசிஸ் எண்.
எஞ்சின் எண்.
கடன் இருக்கிறதா.

அண்ணி மாலை வகுப்பில் படித்தவள். ஆங்கில எழுத்துகளை மகளிடம் கற்றுக்கொண்டாள். கொல்கத்தாவில் வங்க எண்களும் எழுதுவார்கள். ஆனால் பதிவுச் சான்றில் 1, 2, 3 என்றுதான் இருக்கும். அந்த எண்களை அண்ணிக்குப் படிக்கத் தெரியும்.

சேசிஸ் எண் வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும். எஞ்சின் எண் எஞ்சினில் பொறித்திருக்கும். இரண்டும் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப் போக வேண்டும். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

அண்ணன் பழைய துணியால் எஞ்சினைத் துடைத்தார். டார்ச் அடித்தார். அண்ணி ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள்.

"என்னங்க, இங்கே கடைசியில் 417 இருக்கிறது. ஆர்.சி.யில் 471 இருக்கிறது."

"எல்லாம் ஒன்றுதான். அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டீர்கள்" என்றார் தரகர்.

அண்ணி மறுபடி படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். 417தான்.

யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். பழைய வண்டியில் எஞ்சின் மாற்றுவது உண்டு. அது மட்டும் குற்றம் அல்ல. ஆனால் அதை மோட்டார் வாகன அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. திருட்டு எஞ்சினாகவும் இருக்கலாம். நாளை போலீஸ் கேட்டால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் முன்பணம் கொடுக்கவில்லை. தரகர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

4. இன்னும் சில காகிதங்கள்

பதிவின் வயது: சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, சோதனை செய்து, புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கட்டணம் மாறக் கூடியது. வாங்கும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

வாடகை வண்டி: மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. கொல்கத்தாவில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை வண்டிகளை நிறுத்தும்படி 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகும் விதிகள் மாறி மாறி வந்துள்ளன. பழைய டாக்சிக்கு வெள்ளை வண்ணம் பூசி விற்பவர்களும் உண்டு. ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடன்: வங்கிக் கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்தது என்று வங்கி கடிதம் தர வேண்டும். படிவம் 35 தர வேண்டும். ஆர்.சி.யில் இருந்தும் வங்கியின் பெயரை நீக்க வேண்டும். இல்லை என்றால் வண்டியை வங்கி எடுத்துப் போகலாம்.

வரி, அபராதம்: சாலை வரி கட்டியிருக்கிறார்களா? போக்குவரத்து அபராதம் பாக்கி உண்டா? அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். கைப்பேசியில் பார்த்துச் சொல்வார்கள்.

இன்சூரன்ஸ், புகைச் சான்று: இரண்டும் கட்டாயம். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

5. வண்டியின் உடம்பு

அடுத்த மாதம் வேறொரு வண்டி வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் விற்றார். சொந்த வண்டி. 2013இல் பதிவு செய்தது. ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்தது. எண்கள் சரியாக இருந்தன. கடன் இல்லை.

அண்ணன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனார். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள். நாமும் அவரைத் தாதா என்போம்.

தாதா நான்கு பொருள் கொண்டு வரச் சொன்னார். டார்ச், சின்னக் காந்தம், பழைய துணி, நோட்டும் பேனாவும்.

"பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் பார்க்காதீர்கள். கழுவிய ஈரத்தோடும் பார்க்காதீர்கள். ஈரம் இருந்தால் நெளிவும் கீறலும் தெரியாது" என்றார் தாதா.

காந்தத்தைத் துணியில் சுற்றினார். வண்டியின் உடம்பில் மெதுவாக வைத்துப் பார்த்தார். இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும். சில இடத்தில் ஒட்டவில்லை. அங்கே துரு பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அதில் பட்டி பூசி மேலே வண்ணம் அடித்திருப்பார்கள்.

துரு எங்கே பிடிக்கும்? கதவின் அடிப்பக்கம். சக்கரத்தைச் சுற்றி. டிக்கியின் அடி. கால் வைக்கும் தரை. ஜாக்கி வைக்கும் இடம். அம்பாசிடரில் உடம்பே வண்டியைத் தாங்குகிறது. அதனால் அடியில் துரு என்றால் அது அழகுக் குறை அல்ல. அது ஆபத்து.

கொல்கத்தாவில் மழைக் காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? கால் மிதியடியைத் தூக்குங்கள். அடியில் சேறு இருக்கிறதா? புழுக்க வாடை வருகிறதா? சீட்டின் அடியில் திருகாணி துருப் பிடித்திருக்கிறதா? விளக்கின் கண்ணாடிக்குள் நீர்த்துளி இருக்கிறதா? இருந்தால் வாங்காதீர்கள். மூழ்கிய வண்டியில் மின்கம்பிகள் நாள் போகப் போகக் கெடும்.

ஆசிரியையின் வண்டியில் சேறு இல்லை. ஆனால் ஓட்டுபவர் கால் வைக்கும் தரையில் ஓட்டை இருந்தது. தாதா நோட்டில் எழுதச் சொன்னார். அண்ணி எழுதினாள்.

6. எஞ்சின்

தாதா முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். "குளிர்ந்து இருக்கிறது. நல்லது" என்றார்.

"ஏன் தாதா?" என்று கேட்டார் அண்ணன்.

"சூடான எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். நோய் தெரியாது. நாம் வரும் முன்னே ஸ்டார்ட் செய்து வைத்தால் சந்தேகப்பட வேண்டும்."

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். எஞ்சின் சூடாக இருக்கும்போது இதைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் எஞ்சினில் கோளாறு. எண்ணெய் ஊற்றும் மூடியையும் பாருங்கள். அடியில் பால் போல வெள்ளையாக இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

எஞ்சினை ஓடவிட்டார். பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். புகை பேசும் என்பார்கள் மெக்கானிக்குகள்.

நீலப் புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது. செலவு பெரிது.
கரும் புகை: எரிபொருள் சரியாக எரியவில்லை.
சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: உள்ளே தண்ணீர் போகலாம். டீசல் வண்டியில் டீசல் எரியாமலும் வரலாம்.

அந்த வண்டியில் முதலில் லேசாக வெள்ளைப் புகை வந்தது. சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. குளிர்ந்த எஞ்சினில் அது இயல்பு.

7. ஓட்டிப் பார்ப்போம்

ஓட்டுநர் உரிமம் உள்ளவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத சாலையில் மெதுவாக ஓட்ட வேண்டும். தாதா ஓட்டினார்.

பிரேக் போட்டால் வண்டி நேராக நிற்கிறதா? ஒரு பக்கம் இழுக்கிறதா?
ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்புகிறதா?
கியர் தானாகக் கழன்று வருகிறதா?
எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? அப்படி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம்.
மேடு பள்ளத்தில் கடகட என்று சத்தம் வருகிறதா?
டயர் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா?

ஓடிய தூரம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதைத் திருத்தி வைக்க முடியும். பிரேக் மிதியைப் பாருங்கள். ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது, மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. அப்படி என்றால் மீட்டர் பொய் சொல்கிறது.

8. நோட்டில் ஒரு கணக்கு

ஆசிரியை கேட்ட விலை 85,000 ரூபாய். அண்ணி நோட்டில் எழுதியதைப் பாருங்கள்.

இரண்டு டயர் — 8,000
தரை வெல்டிங் — 7,000
பேட்டரி — 5,000
இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் — 6,000
மொத்தம் — 26,000

85,000 + 26,000 = 1,11,000 ரூபாய். கையில் இருப்பது 1,10,000. ஆயிரம் ரூபாய் குறைகிறது.

விலை என்பது ஆசிரியை கேட்கும் பணம் மட்டும் அல்ல. வண்டியைச் சாலையில் ஓட வைக்கும் வரை ஆகும் பணம்தான் விலை.

அண்ணி நோட்டை ஆசிரியையிடம் காட்டினாள். "அம்மா, குறை சொல்லவில்லை. செலவைப் பாருங்கள். மகள் படிப்புக்கும் கொஞ்சம் வைக்க வேண்டும்" என்றாள்.

ஆசிரியை நோட்டை முழுவதும் படித்தார். தரையில் இருந்த ஓட்டையையும் குனிந்து பார்த்தார். 72,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்.

72,000 + 26,000 = 98,000 ரூபாய். மீதி 12,000 ரூபாய். அந்தப் பணத்தை அண்ணி தொடவிடவில்லை.

9. பெயர் மாறினால்தான் உங்கள் வண்டி

பணம் கொடுத்தாயிற்று. சாவியும் வந்தாயிற்று. இதோடு வேலை முடிந்ததா? இல்லை. ஆர்.சி.யில் பெயர் மாற வேண்டும்.

படிவம் 29: விற்பவர் 'விற்றுவிட்டேன்' என்று தெரிவிப்பது. அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
படிவம் 30: பெயர் மாற்றக் கேட்பது. வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
படிவம் 28: வேறு மாநிலத்து வண்டி என்றால் அந்த அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

தெற்குக் கொல்கத்தாவில் பெல்தலா என்ற இடத்தில் மோட்டார் வாகன அலுவலகம் உள்ளது. அண்ணனும் ஆசிரியையும் சேர்ந்தே அங்கே போனார்கள்.

சிலர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். "மீதியை நான் எழுதிக்கொள்கிறேன்" என்பார்கள். அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிப்பட்ட படிவத்தை வாங்கவும் வாங்காதீர்கள்.

ஏன்? ஓர் உண்மை வழக்கைக் கேளுங்கள். ஒரு கார் கை மாறிக் கை மாறிப் போனது. ஆனால் பதிவில் பெயர் மாறவே இல்லை. அந்தக் காரால் விபத்து நடந்தது. ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் தருவது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018இல் தீர்ப்பு வந்தது. காரை எப்போதோ விற்றுவிட்டவர் அவர்!

அதனால் பெயர் மாற்றம் வாங்குபவருக்கும் காவல். விற்பவருக்கும் காவல்.

பணம் கொடுத்ததற்கு ரசீது எழுதி வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

"…… எண் உள்ள அம்பாசிடர் காரை, …… தேதி, …… மணிக்கு, …… ரூபாய்க்கு விற்று, பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன். இந்த நேரம் வரை உள்ள வரி, அபராதம், வழக்கு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. விற்பவர் கையெழுத்து. வாங்குபவர் கையெழுத்து. சாட்சிகள் இருவர் கையெழுத்து."

மணியையும் எழுதுவது முக்கியம். காலையில் விற்ற வண்டி மாலையில் விபத்தில் சிக்கலாம்.

புதிய சொற்கள்

பதிவுச் சான்று — வண்டி யாருடையது என்று அரசு தரும் சான்று.
தடையில்லாச் சான்று — 'எங்களுக்குத் தடை இல்லை' என்று தரும் கடிதம்.
இழப்பீடு — இழந்ததற்குத் தரும் பணம்.
பட்டி — பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. அம்பாசிடர் கார் ______ என்ற ஊரில் தயாரானது.
2. நீலப் புகை வந்தால் ______ எரிகிறது.
3. விற்பவர் ______ நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆ. சரியா, தவறா?
1. சாவி கைக்கு வந்தால் வண்டி நம்முடையது.
2. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கலாம்.
3. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம்.

இ. கணக்குப் போடுங்கள்.
1. ஆசிரியையின் கார் 2013இல் பதிவானது. முதல் பதிவு 15 ஆண்டு. எந்த ஆண்டு முடியும்?
2. ஒரு காரின் விலை 60,000 ரூபாய். பழுதுச் செலவு 45,000 ரூபாய். இன்னொரு காரின் விலை 80,000 ரூபாய். பழுதுச் செலவு 15,000 ரூபாய். எது மலிவு? எவ்வளவு மலிவு?

ஈ. செய்து பாருங்கள்.
தெரிந்தவர் ஒருவரின் ஆர்.சி.யைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர், பதிவான தேதி, எஞ்சின் எண் ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள். பிறகு வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

உ. கூடிப் பேசுங்கள்.
"இன்றைக்கே முன்பணம் கொடுங்கள்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால் என்ன பதில் சொல்வீர்கள்?